பூச்சுக்கு அடியில் போன ஆறு பெயர்கள்

மதிப்பிற்குரிய தலைமைப் பொறியாளர் அவர்களுக்கும் பாலப் பராமரிப்புப் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம். ஆற்றுப் பாலத்தின் தென்கரைப் பக்கச் சுவரில் போன மாதம் நடந்த வேலையைப் பற்றி எழுதுகிறேன். எந்தச் சுவர், என்ன வேலை என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தச் சுவரில் இருந்த ஆறு பெயர்கள் இப்போது சிமெண்ட் பூச்சுக்கு அடியில் கிடக்கின்றன. அவற்றைக் கல்லில் வெட்டி அதே இடத்தில் பதித்துத் தாருங்கள். இதே கோரிக்கையை மூன்று முறை மனுவாகக் கொடுத்துவிட்டேன். நான்காவது முறை திறந்த மடலாக எழுதுகிறேன்.

சுவரைப் பழுதுபார்த்தது தவறு என்று நான் சொல்லவே இல்லை. கம்பி வெளியே தெரிந்து துருவேறியிருந்தது, கான்கிரீட் பாளம் பாளமாக உதிர்ந்துகொண்டிருந்தது. உதிர்ந்ததைக் கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, குழாய் வைத்துக் கலவையைப் பீய்ச்சியடித்துச் சுவரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி. ஆனால் கொத்துவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே. வேலை செய்த பையன்களிடம் கேட்டேன். “ஏதோ கிறுக்கல்னு நினைச்சோம்ணே” என்றார்கள். அவர்கள் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அது கிறுக்கல் இல்லை. பாலம் கட்டும்போது இறந்துபோன ஆறு பேரின் பெயர்களை, கூட வேலை செய்தவர்கள் கான்கிரீட் காய்வதற்குள் ஆணியால் கீறிவைத்தார்கள். நான்காவது பெயர் என் அப்பாவுடையது.

அப்பா முக்குளித்து வேலை பார்ப்பவர். ஆற்றுக்குள் தூண் நிறுத்த முதலில் கிணறு இறக்குவார்கள் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பாலத்தில் தினமும் போகிறவர்களுக்கு அது தெரியாது என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோடையில் ஆற்றின் நடுவே மணலைக் கொட்டித் திட்டு அமைத்து, அதன்மேல் அடியில் இரும்பு விளிம்பு வைத்த வட்டச் சுவரை எழுப்புவார்கள். உள்ளிருக்கும் மணலைக் கிராப் என்ற, வாய் திறந்து மூடும் இரும்பு வாளியை வைத்து அள்ள அள்ள, சுவர் தன் எடையிலேயே மெல்லக் கீழே இறங்கும். இறங்க இறங்க மேலே சுவரைக் கட்டிக்கொண்டே போவார்கள். இறங்க மறுத்தால் மேலே மணல் மூட்டையை அடுக்கிப் பாரம் ஏற்றுவார்கள். வெள்ளம் எவ்வளவு ஆழத்துக்கு மணலை அரித்துக்கொண்டு போகுமோ, அதையும் தாண்டிக் கீழே போய் உட்கார்ந்தால்தான் தூண் நிற்கும்.

இதில் எல்லாம் நேராக நடந்தால் முக்குளிக்கும் ஆளுக்கு வேலை குறைவு. ஒரு பாறையோ பழைய மரமோ விளிம்பின் ஒரு பக்கத்தில் சிக்கிவிட்டால், அந்தப் பக்கம் நின்றுவிடும், மறுபக்கம் இறங்கும், கிணறு சாயும். கிராப்பால் விளிம்புக்கு அடியில் போக முடியாது. மனிதன்தான் போக வேண்டும். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கையால் தடவித் தடவி, சிக்கியது எது என்று பார்த்து, அறுத்தோ உடைத்தோ எடுக்க வேண்டும். எடுத்த நொடியில் கிணறு இறங்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

மூன்றாம் தூணின் கிணற்றில் ஒரு மரம் சிக்கியது. அடுத்த வெள்ளத்துக்கு முன்னால் கிணற்றை அடி சேர்த்தாக வேண்டும் என்ற அவசரம். கிணற்றுக்குள் தண்ணீர் மட்டம் வெளியே ஆற்று மட்டத்தைவிடத் தாழக் கூடாது. தாழ்ந்தால் வெளி அழுத்தம் மணலை அடிவழியாக உள்ளே தள்ளிவிடும். அன்றைக்கு வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்துக் குறைத்திருந்தார்கள். அப்பா உள்ளே இருந்தபோது மணல் பொங்கிவிட்டது. கயிற்றைப் பிடித்திருந்த மேஸ்திரி இதை அம்மாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். எனக்கு அப்போது ஆறு வயது. “ஒரு தடவைதான் இழுத்தாரு, அப்புறம் கயிறு லேசாயிருச்சு” என்றார். இந்த ஒரு வரியை இத்தனை வருடமாகக் காதில் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் தூண் இன்றும் நேராக நிற்கிறது. அதற்கப்புறம் எத்தனை வெள்ளம் வந்தது, அசையவில்லை.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மடலே அவருக்காகத்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பத்து வருடமாகப் பார்வையும் இல்லை. ஆனால் அந்தச் சுவரில் நான்காவது வரி எது என்று அவர் விரலுக்குத் தெரியும். வருடத்தில் ஒரு நாள் அழைத்துப் போவேன். சுவரைத் தொட்டு, மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிகளைத் தாண்டி, நான்காவதில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். எதுவும் பேச மாட்டார். அப்புறம் “போலாம்பா” என்பார்.

பேருந்தில் பாலத்தைக் கடக்கும்போதும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு தளமும் சேருமிடத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும் இல்லையா, கரையில் முதல் சத்தம், அதற்கப்புறம் தூணுக்கு ஒன்று. நான்காவது சத்தம் வந்தால் மூன்றாம் தூண். பேச்சின் நடுவே இருந்தாலும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். இந்தப் பழுதுபார்ப்பில் இணைப்புகளில் பெரும்பாலானவற்றை மூடி, தளத்தைத் தொடர்ச்சியாக்கிவிட்டீர்கள். தண்ணீர் கசிந்து தூணின் தலைப்பகுதி கெடாமல் இருக்க அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் போன வாரம் பேருந்து பாலத்தைத் தாண்டி அக்கரையில் நின்றுவிட்டது. அம்மா என் கையைப் பிடித்து, “மூணாவது தூண் இன்னும் வரலையா?” என்று கேட்டார். என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சத்தத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பெயரைத் திருப்பித் தாருங்கள்.

மனுக்களுக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரே பதில்தான் வந்தது: அக்காலத்து மஸ்டர் ரோல், அதாவது வேலையாட்களின் வருகைப் பதிவேடு, எதுவும் இல்லை, ஆகவே பெயர்களை உறுதிசெய்ய இயலாது. ஐயா, ஸ்காட்லாந்தில் 1890-ல் திறக்கப்பட்ட ஃபோர்த் ரயில் பாலத்தைக் கட்டியபோது 57 பேர் இறந்ததாகத்தான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அந்தப் பகுதி வரலாற்று ஆர்வலர்கள் பழைய ஆவணங்களைத் தேடித் தேடி 73 பேரின் பெயர்களைக் கண்டெடுத்தார்கள். 2012-ல் இரண்டு கரையிலும் நினைவுச் சின்னம் வைத்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் கழித்து, அந்த வேலையைக் கண்ணால் பார்த்த ஒருவர்கூட உயிரோடு இல்லாத நிலையில் செய்தார்கள். இங்கே மனைவியும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறோம். ஆறு குடும்பங்களில் நான்கை என்னால் அழைத்து வர முடியும். இறப்புப் பதிவேட்டைப் புரட்ட ஓர் ஆளை அனுப்புங்கள், நானும் கூட உட்காருகிறேன்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் யாரா ஆற்றின் மேல் வெஸ்ட் கேட் பாலம் கட்டும்போது, 1970 அக்டோபர் 15 அன்று பகலில், 112 மீட்டர் நீளத் தளம் ஒன்று முறிந்து விழுந்து 35 பேர் இறந்தார்கள். இரும்புத் தளத்தை இரண்டு பாதிகளாகச் செய்து இணைத்தார்கள்; பொருந்தாமல் உயர்ந்து நின்ற பாதியைக் கீழே அழுத்த அதன்மேல் கான்கிரீட் பாளங்களை ஏற்றினார்கள். தகடு புடைத்துக்கொண்டது. அதைச் சரிசெய்யப் போல்ட்டுகளைக் கழற்றியபோது தளமே போய்விட்டது. கீழே கொட்டகைகளில் இருந்தவர்களும் அதில் சிக்கினார்கள். அங்கே விசாரணை ஆணையம் வைத்து எங்கே தவறு என்று எழுதினார்கள். 1978-ல்தான் பாலம் திறந்தது. இறந்த 35 பேரின் பெயர்களும் பாலத்துக்கு அருகே நினைவிடத்தில் இருக்கின்றன, ஆண்டுதோறும் அங்கே கூடுகிறார்கள். என் அப்பா இறந்ததற்கு விசாரணை வேண்டும் என்று இத்தனை காலத்துக்கப்புறம் நான் கேட்கவில்லை. அந்த ஒப்பந்தக்காரரின் பெயரைக்கூட இங்கே எழுதவில்லை. ஒரு கல் கேட்கிறேன்.

கல் வைப்பது உங்களுக்குப் புதிதும் இல்லை. பழுதுபார்ப்பு முடிந்ததும் பாலத்தின் தலைப்பில் பளபளவென்று கருங்கல் ஒன்று வந்துவிட்டது. யார் தலைமையில், யார் முன்னிலையில், யார் திறந்துவைத்தார் என்று அதில் பதினொரு பெயர்கள் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன். அவர்களில் ஒருவரும் அந்த ஆற்றில் கால் நனைத்தவர் இல்லை. எல்லாப் பாலத்திலும் இதே கதைதான். அடிக்கல்லில் ஒரு பட்டியல், திறப்புக் கல்லில் ஒரு பட்டியல், நடுவில் பல வருடம் வேலை செய்தவர்களுக்கு ஓர் எழுத்துகூட இல்லை. பக்கத்தில் புதுப் பாலத்துக்குக் கிணறு இறக்க ஆரம்பித்திருக்கிறார்கள். எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள் தகரக் கொட்டகையில் தங்கி வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு ஏதாவது ஆனால், அவருடைய பெயர் யாரிடம் இருக்கும்? தயவுசெய்து அவர்கள் பெயர்களையாவது இன்றைக்கே ஒரு பதிவேட்டில் எழுதி, பாலம் இருக்கும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னியுங்கள். என் வேண்டுகோளை மறுபடி பணிவாகச் சொல்கிறேன். தென்கரைப் பக்கச் சுவரில், பழைய இடத்திலேயே, ஆறு பெயர்களையும் பழைய வரிசையிலேயே கல்லில் வெட்டிப் பதியுங்கள். கல்லுக்கும் கூலிக்கும் ஆகும் செலவை நாங்களே ஏற்கத் தயார், அனுமதி மட்டும் போதும். பெயின்டால் எழுத வேண்டாம். விரல் பதியும் அளவுக்கு ஆழமாக வெட்ட வேண்டும். நின்றபடி கை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். அம்மாவின் தோள் உயரம் என் நெஞ்சு வரைதான்.

சாரம் இன்னும் பிரிக்கப்படவில்லை என்று பார்த்தேன். பிரிப்பதற்குள் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
நான்காவது பெயருக்கு உரியவரின் மகன்