கோவளம் இட்லிக் கடை அக்காவுக்கும் கூடவே நின்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை கோவளம் டிரையத்லான் போட்டியை முடித்துவிட்டேன். எனக்குப் பின்னால் வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இருந்தாலும் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் முடித்துவிட்டுத்தான் கரையேறினேன். இன்னும் மாடிப்படியில் பக்கவாட்டில்தான் இறங்குகிறேன். இந்த வலி அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பாப்பா தூங்குகிறாள். எவ்வளவு நேரம் என்பது அவளுக்கே வெளிச்சம்.

பிரசவத்துக்குப் பின்னால் வந்த அந்த மாதங்களைப் பற்றி எழுதப்போவதில்லை. என் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் நீங்கள், போனை எடுக்காவிட்டாலும் மறுபடி மறுபடி அழைத்தவர்கள் நீங்கள். உங்களுக்குத் தெரியாதது ஞாயிறு காலை நடந்ததுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பதிவு செய்திருந்தது குறைந்த தூரப் பிரிவு. கடலில் 750 மீட்டர், ஈசிஆர் சாலையில் சைக்கிளில் 20 கிலோமீட்டர், பிறகு 5 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாவற்றுக்கும் வீட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தோம். விடிவதற்கு முன் பாப்பாவுக்குப் பால் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினால், அடுத்த வேளைப் பசிக்குள் திரும்பிவிடலாம். காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. கடல் அந்தக் காகிதத்தைப் படிக்கவில்லை. நீரோட்டம் மிதவைகளை இழுத்துக்கொண்டு போனது. படகில் போய்ப் பார்த்து வந்த உயிர்காப்புப் பையன்கள் இப்போதைக்கு யாரும் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது சரிதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் "இன்னும் கால் மணி நேரம்", "இன்னும் கொஞ்ச நேரம்" என்று மைக்கில் சொல்லச் சொல்ல எனக்கு மார் கல்லாகிக்கொண்டே வந்தது. பால் கொடுத்த அம்மாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்கினாலும் புரியாது. அந்த நிலையில் கையைத் தலைக்கு மேல் தூக்கவே முடியாது, அப்புறம் எங்கே நீந்துவது?

உடை மாற்ற ஒரு மறைவு கிடையாது. கழிப்பறைக்கு நீண்ட வரிசை. எங்கள் கார் தடுப்புக்கு அந்தப் பக்கம் எங்கோ நின்றது. இவர் பாப்பாவை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இடம் தேடி அலைந்தார். நான் ஒரு இட்லிக் கடையின் பின்பக்கம் கையைக் கட்டிக்கொண்டு, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று நின்றேன். ஆனால் பார்க்க வேண்டியவர் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, பால் கட்டிக்கிச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் "உள்ள வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நாலு மூங்கில், மேலே ஒரு நீலத் தார்ப்பாய், ஒரு பெஞ்சு, ஒரு அடுப்பு. அவ்வளவுதான் கடை. போட்டிக்கு வந்த அத்தனை கூட்டமும் பசியோடு நின்ற நேரம் அது. அவருக்கு வாரத்திலேயே நல்ல வியாபாரம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். முன்பக்கத் தார்ப்பாயை அவிழ்த்து இறக்கிக் கட்டினார். "அப்பால வாங்க, இட்லி எங்கியும் ஓடிப்பூடாது" என்று நின்றவர்களை அனுப்பினார். மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, சாக்கை மடித்து மேலே விரித்து என்னை உட்கார வைத்தார். போட்டி உடையின் ஜிப்பை வியர்வையில் என்னால் இறக்க முடியவில்லை. "தலகாணி ஒறையாட்டம் இன்னா துணி இது" என்று திட்டிக்கொண்டே அவரே இறக்கிவிட்டார்.

தார்ப்பாயில் ஒரு இடத்தில் கிழிசல் இருந்தது, சரியாக நான் உட்கார்ந்திருந்த உயரத்தில். அதை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். பாப்பா இரண்டு பக்கமும் குடித்து முடிக்கும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை. அடுப்பில் இருந்த ஈடு வெந்து, அதற்கு மேலும் வெந்துகொண்டிருந்தது. "அக்கா, இட்லி" என்றேன். "இட்லி கெடக்குது, நீ பொறுமையா குடு. கட்டிக்கினா காய்ச்சல் வந்துடும்" என்றார். பாப்பா நடுநடுவே வாயை எடுத்துவிட்டு, என் கையில் மார்க்கரால் எழுதியிருந்த எண்ணை நக்கப் பார்த்தாள்.

திரும்பாமலேயே கொஞ்சம் பேசினார். கடை போடுவதற்கு முன் மீன் விற்றாராம். மூன்று பிள்ளைகளுக்கும் பால் கொடுத்துக்கொண்டே, கூடையைத் தலையில் வைத்துக் கேளம்பாக்கம் வரை நடப்பாராம். தனக்கு யார் மெடல் போட்டார்கள் என்று அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன்.

போட்டியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூச்சுக்காக முகத்தைத் திருப்பிய பக்கமெல்லாம் சூரியன் கண்ணில் அடித்தது, முன்கையில் சொறிமீன் ஒன்று கோடு போட்டுவிட்டுப் போனது. சைக்கிளில் போகும்போது காற்று தள்ளியது, திரும்பும்போது வஞ்சம் தீர்த்தது. கடைசி 5 கிலோமீட்டரில் ஓடியதைவிட நடந்ததுதான் அதிகம். முடிந்ததும் நேராக அக்காவிடம் போய் வயிறு முட்ட இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். கடையை மூடியதற்காக இவர் நீட்டிய பணத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தின்ற இட்லிக்கு மட்டும் காசு எடுத்துக்கொண்டு மீதிச் சில்லறையைக் கணக்காகக் கொடுத்தார். பேரைக் கேட்டதற்கு "இட்லிக் கடைன்னா போதும், எல்லாருக்கும் தெரியும்" என்றார். "சுறாப்புட்டு செஞ்சு துண்ணு, பால் நல்லா ஊறும்" என்பதுதான் கடைசியாகச் சொன்னது. அக்கா, இது உங்கள் கண்ணில் படாது என்று தெரியும். அடுத்த முறை வரும்போது படித்துக் காட்டுகிறேன்.

இவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிறு அன்று குறைந்தது பத்துப் பேராவது என்னிடம் "கொடுத்து வெச்சவ நீ, புள்ளைய பாத்துக்குறாரே" என்றார்கள். அவர் பாப்பாவின் அப்பா. பெற்ற பிள்ளையைப் பார்ப்பதை உதவி என்று சொன்னால் அவருக்கே பிடிக்காது. போன வருடம் இவர் ஓடினார், நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு கரையில் நின்று கைதட்டினேன். அப்போது யாரும் அவரிடம் "கொடுத்து வெச்சவர்" என்று சொன்னதாக நினைவில்லை. இந்த வருடம் முறை மாறியது. நான் நன்றி சொல்வது வேறு ஒன்றுக்கு. நான் நீச்சல் குளத்துக்குக் கிளம்பாமல் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த காலைகளில் இவர் ஒரு அறிவுரைகூடச் சொன்னதில்லை. பையை மட்டும் வாசலில் எடுத்து வைப்பார். போகவில்லை என்றால் சாயங்காலம் பேசாமல் உள்ளே எடுத்து வைப்பார். பையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எடுத்து வைத்த பாலைப் பாலாடையில் சிந்தாமல் புகட்டுவதில் இப்போது என் அம்மாவையே மிஞ்சிவிட்டார்.

ராத்திரி பால் கொடுக்கும்போது போனில் படித்த இரண்டு பேரையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். சுவிட்சர்லாந்தின் நிக்கோலா ஸ்பிரிக் 2012 லண்டன் ஒலிம்பிக் டிரையத்லானில் தங்கம் வாங்கினார், அடுத்த வருடம் குழந்தை பெற்றார், 2016 ரியோவில் வெள்ளியோடு நின்றார். அமெரிக்காவின் செல்சி சொடாரோ 2022இல் ஹவாயில் அயர்ன்மேன் என்னும் நெடுந்தூர டிரையத்லானில் உலகப் பட்டம் வென்றபோது அவர் மகளுக்கு ஒன்றரை வயது. அவர்கள் வேகம் எனக்கு எந்த ஜென்மத்திலும் வராது. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு தன்னைப் பிடித்து ஆட்டிய பதற்றத்தைப் பற்றிச் சொடாரோ வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அதைப் படித்த ராத்திரிதான் மருத்துவரைப் பார்க்கலாம் என்று நானே இவரிடம் சொன்னேன்.

மற்ற எல்லோருக்கும் ஒரே மூச்சில்: பத்தியம் முடிந்த பிறகும் பூண்டுக் குழம்பை நிறுத்தாத அம்மா; "தையல் போட்ட வயித்தோட எதுக்கு இதெல்லாம்" என்று முதல் நாள் சொல்லிவிட்டு மறுநாளே பாப்பாவைத் தூக்கிக்கொண்ட அத்தை; பிரசவமாகி 12 வாரம் ஆவதற்கு முன் ஓடவே கூடாது என்று கறாராக நின்ற பிசியோ மேடம்; வேளச்சேரி நீச்சல் குளத்தில் ஓரத்து லேனை எனக்காக விட்டுக்கொடுத்த காலை நேரத்துப் பெரியவர்கள்; தன் கியர் சைக்கிளை மாதக்கணக்கில் என்னிடமே விட்டு வைத்த எதிர்வீட்டுத் தம்பி. எல்லோருக்கும் மனசார நன்றி.

பயிற்சி அட்டவணையில் தினம் எட்டு மணி நேரத் தூக்கம் என்று போட்டிருந்ததைப் பார்த்து நானும் இவரும் சிரித்திருக்கிறோம். பாலுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. தண்ணீர், மருந்து, பஞ்சர் ஒட்ட ஆள் என்று எல்லாமே இருந்த கடற்கரையில் ஒரு தாய்க்கு நாலு முழம் மறைவு இல்லை. வேண்டுமென்றே விட்டதாக நான் நினைக்கவில்லை. அங்கே எங்களை யாரும் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் அடுத்த வருடம் நான் போட்டியில் இறங்குகிறேனோ இல்லையோ, விடிகாலையில் கோவளத்தில் இருப்பேன். ஒரு சின்னக் கூடாரம், இரண்டு நாற்காலி, ஒரு பாய், கை கழுவத் தண்ணீர். நடத்துகிறவர்களிடம் கேட்டாகிவிட்டது, இடம் தருகிறோம் என்றார்கள். கூடாரம் இவர் வாங்குகிறார். வாசலில் நிற்க என்னோடு இன்னும் இரண்டு பெண்கள் வேண்டும். வர முடிகிறவர்கள் சொல்லுங்கள். காலை இட்லி என் கணக்கு, எந்தக் கடை என்று கேட்க மாட்டீர்கள்.