அவன் ‘பைப்பு’ என்றான்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகனுக்கு நாலரை வயதாக இருந்தபோது, இங்கே சிங்கப்பூரில் பாலர் பள்ளி ஆசிரியை சொன்னதன் பேரில் அவனை ஒரு வளர்ச்சி மதிப்பீட்டுக்கு அழைத்துப் போனோம். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, ஆங்கிலத்தில் பெயர் கேட்டார்கள். தண்ணீர் சொட்டும் குழாய் ஒன்று வந்தது. “பைப்பு” என்றான். அந்தப் பெண் கொஞ்சம் காத்திருந்தார். அப்புறம் தாளில் ஏதோ குறித்துவிட்டு அடுத்த அட்டையை எடுத்தார். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டில் பைப்பைத் திற, பைப்பை மூடு என்றுதான் பேச்சு. அவர் எதிர்பார்த்தது ‘டேப்’ (tap) என்ற சொல்லை.

நியூயார்க்கில் இருக்கும் என் நாத்தனாரிடம் இதைச் சொன்னேன். அவள் புரூக்ளினில் ஆசிரியை. ஜமைக்கா, டிரினிடாட், கயானாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நிறையப் படிக்கும் பள்ளி. “அவங்க ஊர்லயும் அது பைப்புதான் அண்ணி” என்று சிரித்தாள். பிறகு அவள் சொன்னது சிரிக்கிற விஷயமாக இல்லை. கிரெனடாவிலிருந்து லண்டனுக்குப் போய் ஆசிரியராக இருந்த பெர்னார்ட் கோர்ட் என்பவர் 1971இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளை, அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தித் தனிப் பள்ளிகளுக்கு அளவுக்கு மீறி அனுப்பினார்களாம். சோதனையில் இருந்த சொற்களும் படங்களும் இங்கிலாந்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழகியவை.

இன்னொன்றும் சொன்னாள். அந்தத் தீவுகளில் அப்பா அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போக, பிள்ளை பாட்டியிடம் வளர்வது சகஜம். துணிமணி, சாமான்களைப் பீப்பாயில் அடைத்துக் கப்பலில் அனுப்புவார்கள். ஜமைக்காவில் இவர்களைப் ‘பீப்பாய்ப் பிள்ளைகள்’ என்றே சொல்வதுண்டாம். என் மகனுக்குப் போனது பீப்பாய் இல்லை, மைலோ டின்னும் கோடாலித் தைலமும் அடைத்த அட்டைப்பெட்டி. ஒரு வயதிலிருந்து மூன்றரை வயது வரை ஊரில் அவன் அப்பத்தாதான் வளர்த்தார். நாங்கள் இருவரும் இங்கே வேலையில் இருந்தோம்.

ஆலோசகரிடம் என் கணவர் இதைத்தான் சொன்னார். “அம்மாகிட்ட விட்டுட்டு வந்தோம்” என்பதை அப்படியே ஆங்கிலமாக்கினார். ஆலோசகர் மெதுவாக, ரொம்ப மரியாதையாக, “பிள்ளையைக் கைவிட்டபோது அவனுக்கு என்ன வயது?” என்று கேட்டார். எங்களுக்கு வாயடைத்துவிட்டது. என் மாமியார் அங்கே இருந்திருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். அங்கே தந்த படிவத்தில், பையன் கரண்டியால் தானே சாப்பிடுகிறானா என்று ஒரு கேள்வி. ரசம் சோற்றைக் கையால் பிசைந்து, சிந்தாமல் சாப்பிடுவான். அதைக் குறிக்கக் கட்டம் எதுவும் இல்லை.

மதிப்பீடே வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. அவனுக்குப் பேச்சு தாமதம் என்பது உண்மை. பேச்சுப் பயிற்சியால் நன்றாகத் தேறியிருக்கிறான், அந்தப் பயிற்சியாளருக்குப் புண்ணியமாகப் போகட்டும். நம் பக்கமும் தவறு உண்டு. கவுன்சலிங் என்றதும் “அவனுக்கென்ன பைத்தியமா?” என்று கேட்டவர் அதே மாமியார்தான்.

ஆனால் இரண்டாவது மதிப்பீட்டில் தமிழ் பேசும் பெண் ஒருவர் உடன் இருந்தார். அட்டையை எடுக்கும் முன் அவனிடம், “ஊர்ல உனக்கு யாரு சோறு ஊட்டுனா?” என்று கேட்டார். அவ்வளவுதான். அப்பத்தா, அவர் வளர்க்கும் ஆடு, அது அவன் டவுசரைக் கடித்தது என்று பையன் நிறுத்தவே இல்லை. முதல் அறிக்கையில் ‘வாக்கியம் அமைப்பதில்லை’ என்று எழுதியிருந்தது இந்தப் பிள்ளையைப் பற்றித்தான்.

சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. நேரம் பதிவு செய்யும்போதே, வீட்டில் என்ன மொழி, பிள்ளையை இதுவரை யார் வளர்த்தார்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு, வேண்டியவர்களுக்குத் தமிழ் தெரிந்த ஒருவரை ஏற்பாடு செய்ய முடியாதா? எங்களுக்கு முன் வரிசையில் இருந்த குடும்பத்தில், தம்பியின் குறைகளை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னது தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் அக்காள். சிண்டாவும் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) மற்ற சமூக அமைப்புகளும் இதற்குத் தொண்டூழியர்களைப் பழக்கினால், வார இறுதிகளில் வர நான் தயார்.

– ஒரு தாயார், உட்லண்ட்ஸ்