லாக்ஸ்டன் உழவர்களுக்கு நன்றி

இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷையர் மாவட்டத்து லாக்ஸ்டன் ஊரின் உழவர்களுக்கும், வயல் எல்லைகளைப் பார்வையிடும் பன்னிரண்டு ஜூரிகளுக்கும், வயல் விதிகளைக் காக்கும் பழைய ஊர் நீதிமன்றமான மேனர் நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்கும் ஸ்டூவர்டுக்கும், அதன் அலுவலரான பெய்லிஃபுக்கும் வணக்கம்.

வேலியில்லாப் பெருவயல்களை நீண்ட பட்டைகளாகப் பிரித்துப் பலர் உழும் உங்கள் பொதுவயல் முறையைத் தமிழில் எழுத விவரம் கேட்டோம். வாயால் சொல்லி அனுப்பிவிடாமல், நவம்பர் கடைசியில் ஜூரி நாளன்று வயலுக்கே கூட்டிப்போனீர்கள். முதல் நன்றி அதற்கு.

மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என மூன்று. ஒன்றில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்தகால விதைப்பு, ஒன்று தரிசு. ஆண்டுதோறும் முறை மாறும். ஜூரி பார்வையிடுவது கோதுமை விதைத்த வயலை. வேலி இல்லை, வரப்பும் இல்லை. ஒருவர் பட்டையையும் அடுத்தவர் பட்டையையும் பிரிப்பது ஒரு சால்தான். கோளாறு பெரும்பாலும் புல்பாதை ஓரத்தில் வருகிறது. கலப்பையைத் தூக்கக் கொஞ்சம் பிந்தினால் சால் பாதைக்குள் ஏறிவிடும். ஒவ்வொரு முறையும் ஒரு சாண் என்றாலும், நாளடைவில் டிராக்டர் திரும்ப இடமிராது. உள்ளே பட்டை வைத்திருப்பவர் தன் நிலத்துக்குப் போக வழியிராது. அங்கேதான் முளை அடித்தீர்கள். ஒருவர் காலடியால் அளக்க, இன்னொருவர் எதிர்முளையைப் பார்த்து நேர்பிடிக்க, கூராகச் சீவிய மரமுளை ஈரக் களிமண்ணில் இறங்கியது. முளையைத் தாண்டி உழுதவருக்கு, ஒரு வாரம் கழித்து டவ்கோட் விடுதியில் கூடும் நீதிமன்றத்தில் அபராதம். அடுத்த ஆண்டின் ஜூரியும் அங்கேயே உறுதிமொழி எடுக்கிறது. 1977ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் இத்தகைய மற்ற நீதிமன்றங்களின் அதிகாரத்தை நீக்கியபோதும் உங்களுடையதை விட்டுவைத்தது. அபராதத் தொகை சின்னதுதான்; அண்டைவீட்டார் முன் பெயர் வாசிக்கப்படுவதே கனமானது என்று எங்களுக்குப் பட்டது.

சைக் என்னும் புல்தாழ்வுகளைக் காட்டிய பெரியவருக்குத் தனி நன்றி. ஏர் ஏறாத ஈரப் பள்ளங்கள் அவை. பூத்து முடிந்த புல்லை ஏலம் விட்டு அறுப்பதால் காட்டுப்பூக்கள் இன்றும் விதை உதிர்க்கின்றன.

1635இல் மார்க் பியர்ஸ் வரைந்த வரைபடத்தைப் பட்டை பட்டையாகப் படிக்கக் கற்றுத்தந்தவருக்கும் கடமைப்பட்டுள்ளோம். மேன்வர்ஸ் பிரபு 1952இல் பண்ணையை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது அரச உடைமைகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்கும், 2020இல் மீண்டும் மேன்வர்ஸ் பரம்பரையின் தோர்ஸ்பி பண்ணைக்கும் போனது. உரிமை கைமாறியபோதெல்லாம் சுழற்சி தவறாமல் உழுதவர்கள் நீங்கள், குத்தகைதாரர்கள்.

எழுதியதை உங்களுக்கு ஆங்கிலத்தில் வாசித்துக்காட்டிய பிறகே வெளியிடுவோம். பிழை இருந்தால் திருத்துங்கள்.

அன்புடன்,
தமிழ்க் குறிப்பைத் தொகுத்தவர்கள்