கார்டின் வடிவத்தோடு அதன் பணியையும் கற்றுத்தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் தொடராக வெளிவரும் கீபோர்டு பயிற்சிப் பகுதியை என் மாணவர்கள் ஆர்வத்தோடு படித்து வருகிறார்கள். சென்ற இதழில் சி மேஜர், எஃப் மேஜர், ஜி மேஜர், ஏ மைனர் ஆகிய நான்கு கார்டுகளுக்கும் (ஒருசேர ஒலிக்கும் சுரக் கூட்டங்களுக்கும்) விரல்களை எங்கே வைக்க வேண்டும் என்பதைத் தெளிவான படங்களுடன் விளக்கியிருந்தீர்கள். புதிதாகப் பழகுவோருக்கு அவை பெரிதும் உதவும். ஆனால் அந்த நான்கு கார்டுகளும் ஒன்றுக்கொன்று என்ன உறவில் நிற்கின்றன என்பது குறித்து ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம் அளித்தது. கார்டுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்துகொண்ட மாணவர், புத்தகத்தில் இல்லாத ஒரு பாட்டுக்குத் தாமாகக் கார்டு அமைக்க முற்படும்போது திகைத்து நின்றுவிடுவதை வகுப்பில் தொடர்ந்து பார்த்து வருவதால் இதை எழுதுகிறேன்.

எந்த ஸ்கேலுக்குள், அதாவது எந்தச் சுர வரிசைக்குள், ஒலிக்கிறது என்பதுதான் ஒரு கார்டின் பணியைத் தீர்மானிக்கிறது. சி, இ, ஜி என்ற மூன்று சுரங்களால் ஆன சி மேஜர் கார்டையே எடுத்துக்கொள்வோம். சி மேஜர் ஸ்கேலில் அது முதல் கார்டு, அதாவது ஸ்கேலின் முதல் சுரத்தின் மேல் அமைவது. பாட்டு வந்து அமைதி கொள்ளும் இடம் அதுவே. ஜி மேஜர் ஸ்கேலில் அதே மூன்று சுரங்கள் நான்காம் கார்டாகி, ஆதாரத்தை விட்டு விலகிச் செல்லும் உணர்வைத் தருகின்றன. எஃப் மேஜர் ஸ்கேலிலோ அது ஐந்தாம் கார்டு. அங்கே நிற்க மனம் ஒப்பாமல், அடுத்து எஃப் கார்டு வர வேண்டும் என்று காது எதிர்பார்க்கிறது. விரல் வைக்கும் இடம் மூன்றிலும் ஒன்றே, செவியில் விழும் பொருள்தான் வெவ்வேறு. கார்டுகளின் பெயரோடு ஸ்கேலில் அவற்றின் எண்ணையும் சேர்த்துப் பழகியவர், பாடகர் சுருதியைக் குறைக்கச் சொன்னால் புதிய சுருதியிலும் தடுமாறாமல் வாசிப்பார். இன்றைய கீபோர்டுகளில் சுருதியைத் தானே மாற்றித்தரும் டிரான்ஸ்போஸ் பொத்தான் இந்த உழைப்பை மிச்சப்படுத்தித் தருவதுபோல் தோன்றினாலும், கற்கவேண்டிய காலத்தில் அதை நம்பியிருப்பவருக்கு இந்த உறவு கடைசிவரை பிடிபடுவதே இல்லை என்பது என் கருத்து.

சுரங்களை அடுக்கும் வரிசை மாறினாலும் கார்டின் மூல சுரம் (அதற்குப் பெயர் தரும் சுரம்) மாறுவதில்லை என்பதைப் பிரான்சு நாட்டு இசைமேதை ராமோ 1722-இல் வெளியிட்ட நூலில் முறைப்படி விளக்கினார். பின்னர் 1893-இல் ஜெர்மானிய அறிஞர் ஹூகோ ரீமான், ஒரு ஸ்கேலின் கார்டுகள் அனைத்தையும் டானிக் (அமைதி கொள்வது), சப்டாமினன்ட் (விலகிச் செல்வது), டாமினன்ட் (திரும்பி வர இழுப்பது) என்ற மூன்று பணிகளுக்குள் அடக்கிக் காட்டினார். சி மேஜர் ஸ்கேலில் சி, எஃப், ஜி ஆகிய கார்டுகள் முறையே அந்த மூன்று பணிகளைச் செய்கின்றன. எஃப், ஏ என்ற இரண்டு சுரங்களை எஃப் கார்டோடு பகிர்ந்துகொள்வதால் டி மைனர் அதன் இடத்தில் வரலாம். சி, இ இரண்டையும் கொண்டிருப்பதால் ஏ மைனர் சி கார்டுக்கு மாற்றாக நிற்கலாம். ஜி கார்டுக்குப் பின் எதிர்பார்த்த சி வராமல் ஏ மைனர் வரும்போது பாட்டு முடியாமல் நீள்வதுபோல் கேட்பதற்கு இந்த உறவே காரணம். ஆலயங்களில் ஞானப்பாட்டின் இறுதியில் ‘ஆமென்’ பாடுகையில் பெரும்பாலும் கேட்பது நான்காம் கார்டிலிருந்து முதல் கார்டுக்குத் திரும்பும் நடை. ஐந்திலிருந்து ஒன்றுக்குத் திரும்புவதில் உள்ள அழுத்தம் அதில் இருக்காது.

அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தங்கள் தொடர் கட்டாயம் விளக்க வேண்டும் என விரும்புகிறேன். ஜி கார்டோடு எஃப் சுரத்தையும் சேர்த்த ஜி செவன்த் கார்டில் ஜி, பி, டி, எஃப் ஆகிய சுரங்கள் உள்ளன. இவற்றில் எஃப், பி இரண்டுக்கும் இடையே ஆறு அரைச்சுரங்கள் (கறுப்பு, வெள்ளை இரண்டையும் எண்ணினால் அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளி ஓர் அரைச்சுரம்), அதாவது சரியாகப் பாதி ஸ்தாயி இடைவெளி இருக்கிறது. சி மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்களில் வேறெந்த இரண்டுக்கும் இடையே இந்த இடைவெளி அமைவதில்லை. சேர்ந்து ஒலிக்கும்போது இவ்விரண்டும் நிலைகொள்ளாமல் தவிக்கின்றன. பி ஓர் அரைச்சுரம் ஏறி சி சுரத்தையும், எஃப் ஓர் அரைச்சுரம் இறங்கி இ சுரத்தையும் அடைந்த பிறகே காது அமைதி பெறுகிறது. ஜி, பி, டி, எஃப் நான்கும் ஒருசேர இடம்பெறும் மேஜர் ஸ்கேல் சி மேஜர் ஒன்றுதான் என்பதால், ஜி செவன்த் ஒலித்த உடனேயே பாட்டு எந்த ஸ்கேலுக்கு உரியது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

மைனர் ஸ்கேலிலும் இதே தேவைதான் ஒரு சுரத்தை மாற்றவைக்கிறது. நம் நடபைரவி ராகத்துக்கு இணையான ஏ மைனர் ஸ்கேலில் ஐந்தாம் கார்டு இ மைனர். அதிலுள்ள ஜி சுரம், ஆதாரமான ஏ சுரத்துக்கு ஒரு முழுச்சுரம் (இரண்டு அரைச்சுரங்கள்) கீழே இருப்பதால் இழுப்பு போதவில்லை. அதை ஓர் அரைச்சுரம் ஏற்றி ஜி ஷார்ப்பாக உயர்த்தினால் இ மேஜர் கிடைக்கிறது, ஸ்கேலும் கீரவாணி ராகத்தின் சுரங்களைப் பெற்றுவிடுகிறது. கர்நாடக இசை கற்ற வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. எனினும், ராகங்கள் கார்டுகளை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தவை அல்ல என்பதால், கமகம் (சுரங்களை அசைத்து இசைக்கும் முறை) நிறைந்த ஒரு ராகத்துக்கு இந்த விதிகளை அப்படியே பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன். மேற்கத்திய இசைக்குள்ளேயே, அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய ப்ளூஸ் போன்ற வகைகளில் முதல் கார்டே செவன்த்தாக ஒலித்து, எங்கும் நகர வேண்டிய அவசியமின்றி நிலைத்து நிற்பதுண்டு.

அடுத்த இதழிலிருந்து, படத்தில் கார்டின் பெயருக்குக் கீழே ஸ்கேலில் அதன் எண்ணையும் அச்சிட வேண்டுகிறேன். அத்துடன், ஒரே மெட்டை சி, எஃப், ஜி ஆகிய மூன்று ஸ்கேல்களிலும் கொடுத்து வாசிக்கச் செய்யும் பயிற்சியையும் சேர்க்கலாம். சி மேஜர் ஸ்கேலில் நீண்டு ஒலிக்கும் ஜி சுரத்துக்கு சி மேஜர், இ மைனர், ஜி மேஜர் ஆகிய மூன்று கார்டுகளும் பொருந்தும். அடியின் நடுவில் எது ஏற்றது, முடிவில் எது ஏற்றது என்று வாசகரையே வாசித்துக் கேட்டுத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தொடரின் பயன் பலமடங்காகும்.

இங்ஙனம்,
கீபோர்டு பயிற்றுவிக்கும் ஒரு வாசகர்,
திருநெல்வேலி.