இந்த வாரப் பேச்சு: போபால்

நண்பர்களே, 1984 டிசம்பர் 2 இரவு போபால் பூச்சிக்கொல்லி ஆலையில் விஷவாயு கசிந்ததே, அந்த மெத்தில் ஐசோசயனேட் (நச்சு வேதிப்பொருள்) தொட்டிக்குள் தண்ணீர் எப்படிப் புகுந்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதை விடுங்கள். தொட்டியின் குளிரூட்டும் அமைப்பை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். வெளியேறும் வாயுவை எரித்து அழிக்கும் எரிகோபுரத்துக்குப் போகும் குழாயில் ஒரு துண்டைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். காகிதத்தில் பாதுகாப்பு இருந்தது, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் நாம் பேச வேண்டியது இதைத்தான்.

உங்கள் வேலையிடத்தில் ‘தற்காலிகமாக’ அணைத்து வைத்த அலாரம், தள்ளிப்போட்ட பராமரிப்பு ஏதாவது இருக்கிறதா? யார் அனுமதித்தது, எப்போது திரும்ப இயக்குவது என்று எழுதி வைத்திருக்கிறார்களா? பார்த்துவிட்டு ஞாயிறு மாலைக்குள் எழுதுங்கள். நிறுவனம், ஆட்கள் பெயர் வேண்டாம். அப்புறம், ஃபார்வர்டு வீடியோக்களும் வேண்டாம்!