பன்றி என்று சொல்லாத பன்றி

அன்புள்ள செல்வம்,

நலம்தானே? கொழுக்க வைத்த பன்றிக்குத் தமிழில் தனிப்பெயர் உண்டா என்று கேட்டிருந்தாய். சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் 339 முதல் 345 வரையிலான அடிகளை எடுத்துப் பார். 'நெல்மா வல்சி தீற்றிப் பன்னாள் குழிநிறுத்து ஓம்பிய குறுந்தாள் ஏற்றை.' நெல்மாவை உணவாக ஊட்டி, பல நாள் குழியில் நிறுத்திப் பேணிய குட்டைக்கால் ஆண் என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஏழு அடியிலும் பன்றி என்ற சொல்லே கிடையாது.

ஏற்றை என்பது 'ஏறு' வழி வந்த சொல். வலுவுள்ள ஆண் எதற்கும் அது பொருந்தும் என்கிறது தொல்காப்பிய மரபியல். முதலை ஏற்றை, செந்நாய் ஏற்றை எல்லாம் சங்கப் பாட்டில் வரும். அதே அடிகளில் பெண் விலங்குக்கு வரும் 'பிணவு' மட்டும் என்ன? பன்றி, புல்வாய், நாய் மூன்றுக்கும் பொது. ஆனால் பாட்டு காட்டும் காட்சியைப் பார். கள் காய்ச்சும் பெண்கள் வள்ளம் (கிண்ணம்) கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகிக் கிடக்கிறது. அதில் புரளும் ஏராளமான கரிய குட்டிகள், மயிரடர்ந்த தாய், ஆணுக்கோ குட்டைக் கால், கொழுத்த நிணம். வேறெந்த விலங்கு இது? (மரபியல் பன்றிக் குட்டியைக் 'குருளை' என்கிறது. 'குட்டி' என்றாலும் அது விலக்கவில்லை.)

எனக்கு முக்கியமாகப் படுவது 'பிணவொடு பாயம் போகாது' என்ற இடம், அதாவது பெட்டையை நாடிப் போகாமல் என்பது. பெட்டையைத் தேடும் கடா தீவனத்தை மறந்து அலைந்தே இளைத்துப்போகும். குழியில் நிறுத்தினால் அலைச்சல் இல்லை, தின்றது கொழுப்பாகும். 'தீற்று' என்பதே 'தின்' என்பதன் பிறவினை. தானாக மேய்வதல்ல, ஊட்டுவது. மாவாக அரைத்தால் முழு நெல்லைவிட நன்றாகச் செரிக்கும். அரிசிமாவு கொழுப்பை வெள்ளையாக, இறுக்கமாக ஆக்கும். தவிட்டை அதிகம் போட்டால் அதிலுள்ள எண்ணெயால் கொழுப்பு தளர்ந்துவிடும்.

காயடித்ததாகப் பாட்டு சொல்லவில்லை. ஏற்றை என்ற சொல்லும் அதற்கு இடம் தராது. லத்தீன் 'மையாலிஸ்' அப்படியில்லை, காயடித்த பன்றிக்கென்றே வைத்த பெயர். அதுதான் இத்தாலியில் 'மையாலே' ஆகி இன்று பன்றிக்கே பொதுப்பெயர். காயடிக்காத கடாவில் ஒரு சிக்கல்: ஆண்ட்ரோஸ்டினோன், ஸ்கட்டோல் என்ற இரண்டு வாடைப் பொருள்களும் கொழுப்பில் தங்கி, கறி சூடேறும்போது வாடை கிளம்பும். இன்றைய பண்ணைகள் பலவற்றில் முதல் வாரத்திலேயே காயடிப்பது அதனால்தான். குழியில் சாணி தேங்கவிட்டால் ஸ்கட்டோல் இன்னும் ஏறும். அன்றாடம் வாரிப் போட்டாக வேண்டும். 'ஓம்பிய' என்ற சொல்லுக்குள் அந்த வேலையும் அடங்கும் என்றே நினைக்கிறேன்.

உன்னிடமுள்ள உரைப்பதிப்பில் 'பாயம்' என்பதற்கு என்ன பொருள் போட்டிருக்கிறது? பார்த்து எழுது.

அன்புடன்,
மணி