நியூயார்க் டெமாக்ரடிக் கட்சிக்கு ஒரு திறந்த மடல்

நியூயார்க் மாநில டெமாக்ரடிக் கட்சி நிர்வாகிகளுக்கு, குயின்ஸ்ல இருந்து ஒரு வோட்டரோட வணக்கம்.

உங்க பிரைமரில, அதாவது கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற உள்தேர்தல்ல, ஓட்டு போட உங்க கட்சில பேர் பதிஞ்சிருக்கணும், அது ரூல். என் கோவம் அந்த கெடு மேல. ஏற்கெனவே வோட்டரா இருக்கறவங்க கட்சி மாத்தணும்னாலும் சரி, எந்த கட்சியும் இல்லாதவங்க உங்க கட்சில சேரணும்னாலும் சரி, பிப்ரவரி 14க்குள்ள பண்ணிடணும், ஆனா பிரைமரி நடக்கறது ஜூன் கடைசில. 2025 நியூயார்க் சிட்டி மேயர் எலெக்‌ஷன்ல முன்னாள் கவர்னர் ஆண்ட்ரூ குவோமோ நிக்கறேன்னு அறிவிச்சதே மார்ச் 1, அதுக்குள்ள கெடு முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. அவருக்கு போட நெனச்சவங்க, அவர் வந்துடக் கூடாதுன்னு நெனச்சவங்க, ரெண்டு பக்கமும் கைய பிசைஞ்சுட்டு நிக்க வேண்டியதுதான். ஆனா அதுவரைக்கும் வோட்டரா பதியவே பதியாத ஒருத்தர் ஜூன் 14 வரைக்கும் புதுசா பதிஞ்சு அதே பிரைமரில ஓட்டு போடலாம். வருஷக்கணக்கா ஓட்டு போடறவங்களுக்கு மட்டும் ஏங்க இந்த தண்டனை?

2016ல இன்னும் கொடுமை. ஏப்ரல் 19 பிரசிடென்ட் பிரைமரிக்கு கெடு முந்தின வருஷம் அக்டோபர் 9, உங்க வேட்பாளர்களோட முதல் டிபேட்டே அக்டோபர் 13 தான். ரிபப்ளிகன் பக்கம் டிரம்ப்போட பிள்ளைங்க இவாங்காவும் எரிக்கும் சொந்த அப்பாவுக்கே பிரைமரில ஓட்டு போட முடியல. 2019ல சட்டத்தை திருத்தி பிப்ரவரிக்கு கொண்டு வந்தாங்க, அதோட எல்லாரும் மறந்துட்டாங்க.

எங்க ஆளுங்க கதைய சொல்றேன். ஊர்ல எந்த சர்க்கார் ஃபார்ம்லயும் நீ எந்த கட்சின்னு கேக்க மாட்டாங்க, அதனால இங்க சிட்டிசன் ஆகி வோட்டர் ஃபார்ம் நிரப்பும்போது கட்சி கேக்கற இடத்துல, நமக்கெதுக்கு வம்புன்னு எந்த கட்சியும் வேணாம்னு டிக் பண்ணிடறாங்க. ஜூன்ல பூத்துக்கு போனா அஃபிடவிட் பேலட்ட, அதாவது ஓட்டு போட தகுதி இருக்கான்னு அப்புறமா சரிபார்க்கற வாக்குச்சீட்ட நீட்டுவாங்க, அதை நிரப்பி கவர்ல போட்டு ஒட்டி கையெழுத்தும் போட்டுட்டு ஓட்டு போட்ட திருப்தில வீட்டுக்கு வந்துடுவாங்க, கட்சில பேர் இல்லாததால அது எண்ணப்படவே படாது. எங்க சிட்டில இப்படி எந்த கட்சியும் இல்லாத வோட்டர்ஸ் பத்து லட்சத்துக்கும் மேல, முக்கால்வாசி கவுன்சில் சீட் முடிவாகறது உங்க பிரைமரிலதான், அந்த பிரைமரிய நடத்தற செலவும் எங்க வரிப்பணம்தான்.

வெளி ஆளுங்க உள்ள பூந்து வேணும்னே சோப்ளாங்கி வேட்பாளர ஜெயிக்க வெச்சிடுவாங்கன்னு சொல்றீங்க. 1973ல சுப்ரீம் கோர்ட்டும் 5-4ன்னு அதை ஏத்துக்கிச்சு. சரி, ரிபப்ளிகனா பதிஞ்சவங்களுக்கு கெடு வெச்சுக்கோங்க. எங்கயும் சேராதவங்க என்ன சதி பண்ணிடப் போறாங்க? ஹட்சன் ஆத்துக்கு அந்தாண்ட நியூ ஜெர்சில கட்சி இல்லாதவங்க பிரைமரி அன்னிக்கு பூத்துலயே சேர்ந்து ஓட்டு போடறாங்க, கலிஃபோர்னியால பிரசிடென்ட் பிரைமரிக்கு உங்க கட்சியே அவங்கள உள்ள விடுது, அங்கெல்லாம் கட்சி ஒண்ணும் அழிஞ்சு போயிடல.

சட்டம் மாறணும், மாநில சட்டசபை இருக்கற ஆல்பனில பேசணும்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க. கட்சி இல்லாதவங்கள தன் பிரைமரில சேத்துக்க ஒரு கட்சி முடிவு பண்ணா மாநிலம் தடுக்க முடியாதுன்னு கனெக்டிகட் கேஸ்ல 1986லயே தீர்ப்பு வந்தாச்சு. முடிவு உங்க கைல இருக்கு. அடுத்த மாநில கமிட்டி மீட்டிங்ல இதை எடுத்து ஓட்டுக்கு விடுங்க, யார் ஆதரிச்சாங்க யார் எதிர்த்தாங்கன்னு பேரோட வெளியிடுங்க.

இப்படிக்கு,
குயின்ஸ்ல இருந்து ஒரு வோட்டர்